சாமர்செட் பிளேஸ், பாத், 1942: எரிந்த தெருவின் நீர்வண்ணப் படத்தைச் சான்றாக வாசிக்கும் முறை

லண்டனின் டேட் ஓவியக்கூடச் சேகரிப்பில் ஆங்கிலேய ஓவியர் ஜான் பைப்பர் 1942இல் தீட்டிய ‘சாமர்செட் பிளேஸ், பாத்’ இருக்கிறது. ஏறத்தாழ அரை மீட்டர் உயரம், முக்கால் மீட்டர் அகலமுள்ள ஒரே தாள். பென்சில், மை, நீர்வண்ணம், குவாஷ் (தடித்த, ஒளி ஊடுருவாத நீர்வண்ணம்) எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்த வேலை. இங்கிலாந்தின் பாத் நகரில் குண்டுவீச்சில் தீக்கிரையான வளைவுத் தெரு ஒன்றை அது காட்டுகிறது. இதை ஓவியமாகப் பாராட்டுகிறவர்கள் ஏராளம். கட்டடச் சான்றாக எடுத்துக்கொண்டால் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது, ஏன் என்பதே இங்கே கேள்வி. இதே வாசிப்பு முறை போர்க்காலத் தெருப்படங்கள் பெரும்பாலானவற்றுக்கும் பொருந்தும்.

சம்பவம்

1942 மார்ச் 28 இரவு பிரிட்டிஷ் விமானங்கள் ஜெர்மனியின் பழைய வணிக நகரமான லூபெக்கை எரித்தன. பதிலடியாக ஏப்ரலில் எக்ஸிட்டர், பாத், நாரிச், யார்க் என்று படைத்தள முக்கியத்துவம் குறைந்த, பழைமைக்குப் பேர்போன ஊர்களை ஜெர்மன் விமானங்கள் தேடித் தாக்கின. சுற்றுலா வழிகாட்டி நூல்களுக்குப் பெயர்பெற்ற பேடக்கரின் பெயரே இந்தத் தாக்குதல்களுக்கு ஒட்டிக்கொண்டது.

பாத் நகரின் முறை ஏப்ரல் 25 சனிக்கிழமை இரவு வந்தது. அன்றிரவே இரண்டு அலை, மறுநாள் இரவு மூன்றாவது. நகரில் விமான எதிர்ப்புப் பீரங்கி இல்லை. விமானங்கள் தாழப் பறந்து சாவகாசமாகக் குறிபார்த்தன. 400 பேருக்கு மேல் இறந்தார்கள். சேதமடைந்த கட்டடங்கள் சுமார் 19,000. அவற்றில் வரலாற்று மதிப்புள்ளவை மட்டும் 200ஐத் தாண்டும். 1771இல் திறந்த அசெம்ப்ளி ரூம்ஸ் என்ற பொதுக்கூடம் உள்ளே முழுக்க எரிந்துபோனது. ராயல் கிரெசன்ட் என்ற வளைவு வரிசையில் இரண்டு வீடுகள் வெறும் கூடாக எஞ்சின. லான்ஸ்டவுன் சரிவில் இருந்த ஆல் செயின்ட்ஸ் சேப்பல் அழிந்தது. பைப்பர் அதையும் தனிப்படமாக வரைந்திருக்கிறார். அதே சரிவில் சற்று மேற்கே இருப்பதுதான் சாமர்செட் பிளேஸ்.

தெரு எப்படிப்பட்டது

கட்டடக் கலைஞர் ஜான் எவ்லி 1790இல் தொடங்கிய வேலை இது. 1793இல் பாத் நகரின் வங்கி விழுந்தபோது எவ்லியும் திவாலானார். தெரு முடிய 1820கள் ஆயின. வரிசையின் நடுவில் இரண்டு வீடுகள் ஜோடியாக நிற்கின்றன. அவற்றின் தலைமேல் வில்போல் வளைந்து நடுவில் பிளந்த முகடு ஒன்று உண்டு. வாசல் வளைவுகளின் உச்சிக்கல்லில் பனித்துளி உறைந்து தொங்குவதுபோலச் செதுக்கியிருப்பார்கள். படத்தை வாசிக்க இந்த முகடு மிக முக்கியம். ஒரே அச்சில் வார்த்ததுபோல் வீடுகள் தொடரும் வளைவுத் தெருவில், எந்த வீடு எது என்று அடையாளம் வைக்க உதவும் நங்கூரம் அதுதான்.

அது எப்படி எரிந்திருக்கும்

படத்தில் உள்ள கறையும் துளையும் என்ன சொல்கின்றன என்று புரிய, இந்த வகை வீடு எரியும் விதம் தெரிந்திருக்க வேண்டும்.

ஜெர்மன் விமானங்கள் கொட்டிய தீக்குண்டு ஒவ்வொன்றும் வெறும் 1 கிலோதான். மக்னீசியக் கலவையில் செய்த உறை, உள்ளே தெர்மைட் என்ற கடும்சூட்டில் எரியும் கலவை. ஸ்லேட் ஓட்டைத் துளைத்துப் பரணில் விழுந்து அங்கேயே பற்றும். பாத் வீடுகளின் கூரை பெரும்பாலும் இரட்டைச் சரிவு கொண்டது. இரண்டு சரிவுக்கும் நடுவே ஈயத்தகடு போட்ட பள்ளம் ஓடும். முன்பக்கம் கைப்பிடிச்சுவர் மறைப்பதால் பரணில் பற்றிய தீ தெருவில் நிற்பவருக்குத் தெரிவதற்குள் நேரமாகிவிடும். கைப்பம்பும் வாளியும் வைத்திருந்த தன்னார்வலர் ஏறிப்போவதற்குள் ஈயம் உருகி ஒழுகத் தொடங்கியிருக்கும். வெடிகுண்டு தெருக்குழாயை உடைத்துவிட்டால் தீயணைப்பு வண்டிக்கும் தண்ணீர் கிடையாது. வீடுகள் ஒட்டிக்கட்டியவை, காற்று அடிக்கும் பக்கம் தீ பரண்வழி நகரும்.

கூரை விழுந்ததும் தளங்கள் ஒவ்வொன்றாக இறங்கும். மிஞ்சுவது மூன்று: முன்சுவர், பின்சுவர், வீட்டுக்கு வீடு இடையிலுள்ள பொதுச்சுவர். பொதுச்சுவரில் புகைபோக்கிகள் கட்டியிருப்பதால் அது கனமானது, கடைசிவரை நிற்கும். குண்டுவீச்சுப் படங்களில் புகைபோக்கிகள் மட்டும் தனியாக வானில் நீட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான். ஓவியர் சோகம் கூட்ட வைத்த அலங்காரம் என்று அதை ஒதுக்கிவிடக்கூடாது.

முன்சுவரின் கதை வேறு. வெளியே பார்க்க ஒரே கனத்த கல்போலத் தெரியும். உண்மையில் அது இழைத்த கல்லால் ஆன மெல்லிய முகம். கல்லின் பருமன் பல இடங்களில் 15 செ.மீ. அளவுதான். பின்னால் சில்லுக்கல் நிரப்பு. ஜன்னலின் உள்பக்க உத்தரமும், சுவருக்குள் கிடையாகப் பதித்த பிணைப்புக் கட்டையும் மரம். தளத்தின் உத்தரங்கள்தான் அந்தச் சுவரை உள்ளே இழுத்துப் பிடித்திருந்தன. மரம் எரிந்துபோனால் சுவருக்குள் நீளமாக ஓர் இடைவெளி விழும், பிடிப்பும் போகும். மூன்று, நான்கு மாடி உயரத்துக்கு முகம் தனியாக நிற்கும். அடுத்த காற்றுக்கோ தெருவில் போகும் லாரியின் அதிர்வுக்கோ விழலாம். அதனால்தான் இடிப்புக் குழுவினர் ஆபத்தான சுவர்களைச் சில நாட்களுக்குள்ளேயே கயிறு கட்டி இழுத்தார்கள். அவர்கள் வருவதற்கு முன்னால் வரைந்ததா, வந்துபோன பின் வரைந்ததா என்பது படத்தின் சான்று மதிப்பை நேரடியாகப் பாதிக்கும். கைப்பிடிச்சுவர் இன்னும் நிற்கிறதா, நடைபாதையில் கல் குவித்திருக்கிறார்களா, அல்லது தெரு பெருக்கிக் கிடக்கிறதா என்று படத்தின் முன்பகுதியை முதலில் பாருங்கள்.

கல்லின் நிறம்

நீர்வண்ணப் படம் கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தை ஜெயிக்கும் இடம் இது ஒன்றே. அதனால் சற்று விரிவாகப் பார்ப்போம்.

பாத் கல் என்பது மீன்முட்டை போன்ற மணிகள் சேர்ந்து உருவான சுண்ணாம்புக்கல். வெட்டியெடுத்த புதிதில் வெண்ணெய் நிறம், காலப்போக்கில் தேன் நிறம். அந்த மஞ்சள் சாயலுக்குக் காரணம் கல்லில் சிறிதளவு இருக்கும், நீர் சேர்ந்த இரும்பு ஆக்சைடு. ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறினால் அந்த நீர் பிரிந்து செந்நிற ஆக்சைடாக மாறும். கல் இளஞ்சிவப்பாகிவிடும். இந்த மாற்றம் நிரந்தரமானது. மழை கழுவாது, தேய்த்தாலும் போகாது. இன்னும் சூடேறினால் சிவப்பு மங்கிச் சாம்பல் சாயல் வரும். 800 டிகிரியைத் தாண்டினால் கல்லே நீற ஆரம்பிக்கும். வெள்ளையாகப் பொடிந்த அந்த மேல்தோல் மீது தண்ணீர் பட்டால் சுண்ணாம்பு பூத்து உதிரும். சூடான கல்மேல் குழாய்த் தண்ணீர் பீய்ச்சினாலும் விளிம்புகள் தெறித்து விழும்.

புகைக்கரி தனிக்கதை. ஜன்னலுக்கு மேலே நாக்குபோல ஏறிய கறுப்பு அந்த மாடியில் நெருப்பு இருந்ததைக் காட்டும். ஆனால் கறுப்பு நாக்கின் நடுவே சுத்தமான வெளிர் திட்டு இருந்தால், தீ அங்கே படவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மிகுந்த சூட்டில் படிந்த கரியே எரிந்துபோகும். வெளிர் திட்டு, சுற்றிலும் இளஞ்சிவப்பு, அதற்கு வெளியே கறுப்பு என்று வரிசை அமைந்தால் அந்த ஜன்னலே உலைவாய். புகைப்படத்தில் இளஞ்சிவப்பும் தேன் நிறமும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாக விழும். வெளிர் திட்டு காயமில்லாத கல்போலத் தோன்றும். நிறம் பார்த்து வரைந்த தாளில் இரண்டையும் பிரித்தறிய வழியிருக்கிறது.

ஆனால் நிறம் நேரில் பார்த்துப் போட்டதா, பிறகு நினைவிலிருந்து போட்டதா? இங்கேதான் ஓவியரின் பழக்கம் தெரிந்திருக்க வேண்டும்.

பைப்பர் வேலை செய்த விதம்

போர்க்கால ஓவியர் ஆலோசனைக் குழு 1939 நவம்பரில் தகவல் அமைச்சகத்தின் கீழ் அமைந்தது. தலைவர் தேசிய ஓவியக்கூடத்தின் இயக்குநர் கென்னத் கிளார்க். 1940 நவம்பரில் கோவென்ட்ரி தேவாலயம் எரிந்த மறுநாள் பைப்பர் அங்கே போய் வரைந்தது அந்தக் குழுவுக்காகத்தான். பாத் படங்களும் அந்தக் குழுவின் வேலைதான். போர் முடிந்து 1946இல் குழு தன் சேகரிப்பைப் பிரித்துக் கொடுத்தபோது டேட்டுக்கும் ஒரு பங்கு போனது.

போர்க்காலத்தில் தெருவில் நின்று வரைய அனுமதிச்சீட்டு வேண்டும். கையில் பலகையும் பென்சிலுமாக நின்றால் போலீஸ் வந்து விசாரிக்கும். இடிந்த தெருவில் முக்கால் மீட்டர் தாளை விரித்துத் தண்ணீர்ப் பூச்சு காயக் காத்திருப்பது நடக்கிற காரியமும் இல்லை. சாம்பலும் கல்தூசியும் ஈரத்தில் ஒட்டும். பைப்பர் தலத்தில் சிறிய தாளில் கோடும் குறிப்பும் எடுத்துக்கொண்டு, பெரிய தாளை வீட்டுப் பட்டறையில் முடிப்பவர். ஆகவே இந்தப் படத்தை ஒரே கணத்தின் பதிவாக எடுத்துக்கொள்ளக்கூடாது. இரண்டு நேரங்கள் அதில் படிந்திருக்கின்றன.

அடுக்குகளைப் பிரித்துப் பாருங்கள். அடியில் பென்சில்: இட அமைப்பு, வளைவு எப்படித் திரும்புகிறது, ஜன்னல் எண்ணிக்கை. இதுவே தலத்தில் எடுத்த குறிப்புக்கு மிக அருகில் இருப்பது. அதன்மேல் மை: வாசற்கால், சட்டம், உடைந்த விளிம்பு. பைப்பர் கட்டடக்கலையை ஊர் ஊராகத் திரிந்து கற்றவர். மோல்டிங் (சுவரில் செதுக்கிய விளிம்புப் பட்டை) எங்கே திரும்பும், நிழல் எந்த விளிம்பில் விழும் என்பதில் அவர் கை பொதுவாகத் தவறாது. மேலே நீர்வண்ணமும் குவாஷும்: இது பட்டறை வேலை. குவாஷ் ஒளி ஊடுருவாதது. கீழே உள்ள கோட்டை மறைக்கும், புதிதாக வேறொன்றை நுழைக்கவும் முடியும். குவாஷ் இருக்கும் இடத்தில் எல்லாம் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள்.

வானத்தை மட்டும் சான்றாக எடுக்கவே கூடாது. பைப்பரின் வானம் வெயில் காலத்திலும் கறுக்கும். போர்க்காலத்தில் அவர் வின்சர் கோட்டையை வரைந்த நீர்வண்ணங்களைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு வானிலை வாய்க்கவே இல்லை போலிருக்கிறது என்று ஆறாம் ஜார்ஜ் மன்னர் சொன்னதாக ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, தாள்களைப் பார்த்தால் மன்னர் பக்கம் நியாயம் இருக்கிறது. முகப்பு வெளிச்சமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பின்னணியை இருட்டாக்குவது அவர் வழக்கம். அதை வைத்துப் புகை இன்னும் அடங்கவில்லை என்றோ, இரவில் வரைந்தது என்றோ எழுதுபவர்களை இன்றும் பார்க்கலாம்.

ஓவியர் நின்ற இடத்தைக் கண்டுபிடித்தல்

படத்தை வரைபடத்தோடு பொருத்த இது தேவை. வீடுகள் எரிந்து உள்ளே காலியாகி, ஜன்னல் வழியே பின்சுவர்வரை தெரிவது இங்கே வசதி.

1. பிரிட்டனின் அரசு வரைபட அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வே 1880களில் வெளியிட்ட 1:500 நகர வரைபடம் கிடைத்தால் அதையே எடுங்கள். படிக்கட்டும் முன்பள்ளமும் (நிலவறைக்கு வெளிச்சம் விட வீட்டு முன்னால் தோண்டிய பள்ளம்) அதில் தெரியும். இல்லாவிட்டால் 1:2500 போதும், ஆனால் ஜன்னல் அளவுக்கு இறங்க முடியாது.

2. முகட்டைக் கொண்டு நடு வீடுகளைக் குறித்து, அங்கிருந்து இரண்டு பக்கமும் ஜன்னல் வரிசைகளை எண்ணுங்கள். எண்ணிக்கை வரைபடத்தோடு ஒத்துவராவிட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். ஓவியர் வீடு ஒன்றை விழுங்கியிருக்கிறார் அல்லது வளைவை நீட்டியிருக்கிறார்.

3. முன்சுவர் ஜன்னல் வழியே பின்சுவர் ஜன்னலின் விளிம்பு தெரியும் இடங்கள் இரண்டைத் தேடுங்கள். முன் விளிம்பையும் பின் விளிம்பையும் வரைபடத்தில் நேர்கோட்டால் இணைத்துத் தெருப்பக்கம் நீட்டுங்கள். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்துக்கு அருகில் ஓவியர் நின்றிருக்க வேண்டும்.

4. மூன்றாவது கோடு ஒன்று போட்டுச் சரிபாருங்கள். வெட்டுப்புள்ளி வீட்டுக்குள்ளோ சரிவின் அந்தரத்திலோ விழுந்தால், படம் இரண்டு இடங்களில் நின்று எடுத்த குறிப்புகளைச் சேர்த்தது. இது அடிக்கடி நடப்பது, ஏமாற்று வேலையும் இல்லை. வளைவுத் தெருவை ஒரே இடத்திலிருந்து பார்த்தால் ஓர் ஓரம் மிகவும் ஒடுங்கிவிடும். அதை விரிக்க ஓவியர் நாலு அடி நகர்வார்.

அளவெடுக்க மட்டும் போகாதீர்கள். 7 மீட்டர் அகலமுள்ள வீடு தாளில் 10 செ.மீ. இடம்பிடித்தால், 1 மி.மீ. என்பது 7 செ.மீ.க்குச் சமம். பேனாக் கோட்டின் பருமனும் கை நடுக்கமும் சேர்ந்து 3 மி.மீ. விலகினால் 21 செ.மீ. போச்சு. ஜன்னலை எண்ண இது தாங்கும், கல்தச்சருக்கு அளவு கொடுக்கத் தாங்காது. போரில் அழிந்த வார்சாவில், இத்தாலிய ஓவியர் பெலொட்டோவின் 18ஆம் நூற்றாண்டு நகர ஓவியங்களையும் மறுகட்டுமானத்துக்குத் துணைகொண்டார்கள் என்பது பிரபலமான செய்தி. அங்கே போருக்கு முன்பும் போரின்போதும் எடுத்த அளவு வரைபடங்களும் இருந்தன என்பதைச் சொல்பவர்கள் குறைவு. பெலொட்டோவும் காட்சிக்காகக் கட்டடங்களைத் திருத்தியவர்தான்.

பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியவை

1941இல் தேசியக் கட்டடப் பதிவகம் தொடங்கியது. குண்டு விழுந்த, விழக்கூடிய கட்டடங்களைப் புகைப்படம் எடுப்பதும் பழைய வரைபடங்களைத் திரட்டுவதும் அதன் வேலை. ஒரே முகப்பின் புகைப்படத்தையும் பைப்பர் தாளையும் அருகருகே வைத்தால் எண்ணிக்கைப் பிழை ஐந்து நிமிடத்தில் பிடிபடும். நிறத்துக்கு அந்தப் புகைப்படம் உதவாது.

இன்னொன்று ‘ரிகார்டிங் பிரிட்டன்’ திட்டம். இதற்கும் கிளார்க்தான் மூளை. பணம் கொடுத்தது பில்கிரிம் அறக்கட்டளை. 1940 முதல் 1943 வரை 97 ஓவியர்கள் 1,500க்கும் மேற்பட்ட படங்கள் வரைந்தார்கள். இன்று அவை விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. பைப்பரும் அதில் வரைந்திருக்கிறார்; கிரேட் காக்ஸ்வெல் களஞ்சியம் ஓர் உதாரணம். நோக்கம் வேறு என்பதைக் கவனிக்க வேண்டும். போர்க்கால ஓவியர் குழு நடந்து முடிந்ததைக் கேட்டது. இந்தத் திட்டம் இனி இல்லாமல் போகலாம் என்பதைக் கேட்டது. அதனால் இதில் தெருக்கள் பெரும்பாலும் முழுசாக, வெளிச்சமாக, சற்றே அழகுபடுத்தி இருக்கும். பாத் நகருக்காக கிளிஃபர்ட் எல்லிஸ் வரைந்தவை தனி ரகம். உருக்கிப் பயன்படுத்த அரசு பிடுங்கிக்கொண்டிருந்த இரும்புக் கிராதிகளை அவர் பதிந்தார். பிடுங்கிய கிராதியின் அடிக்கட்டையோ ஈயம் ஊற்றிய துளையோ முன்பள்ளக் கல்லில் நிற்கும். 1942க்குப் பிந்தைய பாத் தெருப்படத்தில் கிராதி முழுசாக இருந்தால், வரைந்த தேதியையும் இடத்தையும் மறுபடி சரிபார்க்க அது போதுமான காரணம்.

தாளுக்கு வயதாகும்போது

இளஞ்சிவப்பைப் பற்றி இவ்வளவு சொன்னபின், அது 80 ஆண்டுகளாகத் தாளில் அப்படியே இருக்கிறதா என்ற கேள்வி வரும். மண்நிறங்கள், அதாவது காவி, சியன்னா, அம்பர், இவை ஒளியைத் தாங்கும். மையில் கரி இருந்தால் அதுவும் நிலைக்கும். சாயத்திலிருந்து செய்த அலிசரின் சிவப்பு மெல்லிய பூச்சில் வெளுக்கும். வண்ண எழுதுமைகள் இன்னும் சீக்கிரம் போகும். கல்லின் இளஞ்சிவப்பை ஓவியர் காவியில் கலந்திருந்தால் இன்று நம்பலாம்; அலிசரினில் கலந்திருந்தால் அது பழுப்பாகவோ வெறும் மஞ்சளாகவோ தெரியும், தீயின் தடயமே தாளிலிருந்து அழிந்திருக்கும். சோதிக்க எளிய வழி: மவுன்ட் அட்டை (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டைச் சட்டம்) மூடியிருந்த ஓரத்தைத் திறந்து, மூடிய பகுதியையும் திறந்த பகுதியையும் ஒப்பிடுவது. அந்த ஓரத்தில் சிவப்பு கூடுதலாக இருந்தால் மற்ற இடங்களின் நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது.

இப்படிப்பட்ட தாளை 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் காட்டுவதில்லை. சில மாதங்கள் வைத்தபின் பல ஆண்டுகள் இருட்டில் ஓய்வு கொடுப்பார்கள். குவாஷ் தடித்துப் பூசிய இடம் வறண்ட காற்றில் வெடித்து உதிரும், ஈரமான காற்றில் பூஞ்சை பிடிக்கும். சட்டமிடும்போது பொடி உதிரும் ஊடகத்துக்குமேல் அக்ரிலிக் தகடு வைத்தால் நிலைமின்னேற்றம் துகளை இழுத்துக்கொள்ளும், கண்ணாடிதான் வேண்டும். ஜப்பானியத் தாளும் கோதுமைப் பசையும் கொண்டு மேல்விளிம்பில் மட்டும் ஒட்ட வேண்டும். நாலு பக்கமும் ஒட்டினால் தாள் விரிந்து சுருங்க வழியில்லாமல் நடுவில் அலை எழும்பும், அலையின் முகட்டில்தான் குவாஷ் முதலில் உதிரும்.

தெருவுக்கு என்ன ஆயிற்று

முகம் பிழைத்தது. 1950கள், 60களில் எரிந்த வீடுகளின் பழைய முகப்பை வைத்துக்கொண்டு பின்னால் மாணவர் விடுதியாகப் புதிதாகக் கட்டினார்கள். பின்னர் அது பாத் ஸ்பா பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்து, விற்கப்பட்டு, இப்போது மறுபடி குடியிருப்பு. மறுகட்டுமானத்துக்கு அளவு கொடுத்தது நின்றுகொண்டிருந்த கல்லேதான். முகட்டுக்குப் பின்னால் இப்போது இருப்பது 20ஆம் நூற்றாண்டின் கட்டுமானம். எனவே உள் அமைப்பைப் பற்றி இன்றைய கட்டடத்திலிருந்து பின்னோக்கி ஊகிக்க முடியாது. 1942 தாளில் ஜன்னல் வழியே தெரியும் பொதுச்சுவர், கணப்பு மேடை, புகைபோக்கித் தடம் ஆகியவற்றுக்கு மதிப்பு கூடுவது இதனால்தான்.

டேட் பிரிட்டனில் முன்பதிவு செய்துகொண்டு தாள் படங்களைப் பார்க்கும் அறை உண்டு. இப்படி ஒரு தாளைப் பார்க்கக் கிடைத்தால் மூன்று விஷயம் கேளுங்கள். பக்கவாட்டில் சாய்த்த விளக்கு: குவாஷின் மேடும் பென்சிலின் பள்ளமும் பிரிந்து தெரியும். தாளின் பின்புறம்: குழு ஒட்டிய சீட்டோ ஓவியர் கையெழுத்தில் தேதியோ அங்கே இருந்தால் அதுவே முதல் ஆதாரம். மவுன்ட்டுக்கு அடியில் மறைந்திருந்த ஓரம்: காரணம் மேலே சொன்னதுதான். உங்கள் கையில் 1:500 வரைபடத்தின் நகலும் பென்சிலும் இருக்கட்டும். பேனாவை உள்ளே விடமாட்டார்கள்.